அம்பு போய்ச் சேரும் நேரம்

வாலரன்ட் என்ற கம்ப்யூட்டர் துப்பாக்கி ஆட்டத்தில் சுட்டால் குண்டு என்று எதுவும் பறப்பதில்லை. மவுஸ் பட்டனை அழுத்திய கணத்தில் கம்ப்யூட்டர் உங்கள் பார்வையிலிருந்து ஒரு நேர்கோடு போட்டுப் பார்க்கிறது. அந்தக் கோட்டில் முதலில் யார் தட்டுப்படுகிறாரோ அவருக்கு அடி. திரையில் சீறிப் போவதுபோலத் தெரியும் வெளிச்சக் கோடு வெறும் அலங்காரம். அது கண்ணுக்குத் தெரிவதற்குள் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. இந்த வகைத் தாக்குதலுக்கு ஹிட்ஸ்கேன் என்று பெயர்.

அதே ஆட்டத்தில் சோவா என்ற வில்லாளி விடும் அம்பு வேறு ஜாதி. அது ஆட்டத்துக்குள் ஒரு பொருளாகவே பிறக்கிறது. ஒரு வேகத்தில் கிளம்புகிறது, ஈர்ப்பு விசையில் வளைகிறது, வழியில் சுவர் இருந்தால் மோதுகிறது, கடைசியில் ஓரிடத்தில் விழுகிறது. கிளம்பியதற்கும் விழுந்ததற்கும் நடுவே நேரம் ஓடுகிறது. இதுதான் ப்ரொஜெக்டைல், பதினோராம் வகுப்பு இயற்பியல் பாடத்தில் எறிபொருள் என்று படித்தோமே, அதேதான். முதலமடை மாந்தோப்பில் ராத்திரிக் காவல்காரர் மரத்தின்மேல் டார்ச் அடிப்பதும், அவருக்குத் தெரியாமல் ஒரு பையன் மாங்காய்க்குக் கல் விடுவதும் எப்படியோ அப்படி இந்த இரண்டும். டார்ச் அடித்தால் அடித்த இடத்தில் வெளிச்சம். கல்லை விட்டவன் அது போய்ச் சேரும்வரை காத்திருக்க வேண்டும்.

அந்தக் காத்திருப்பைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகப் பார்க்கப்போகிறோம். எறிபொருள் தாக்குதலில் எல்லா விஷயமும் அந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

பாலக்காட்டு எல்லைப் பக்கம் எங்கள் பையன்கள் பெரும்பாலும் போனில் பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கி ஆட்டத்தை ஆடிப் பழகியவர்கள். பப்ஜி மொபைலுக்கு 2020 செப்டம்பரில் தடை வந்தது, 2021 ஜூலையில் அதே ஆட்டம் பிஜிஎம்ஐ என்ற பெயரில் வந்தது. நடுவில் ஆடாமல் இருந்தவர்கள் யாரும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை, அது வேறு கதை. விஷயம் என்னவென்றால், அந்த ஆட்டத்தில் துப்பாக்கிக் குண்டே எறிபொருள். அது நேரம் எடுத்துப் பறக்கும், தூரம் போகப் போகக் கீழே இறங்கும். அதில் தேறிய கை கம்ப்யூட்டருக்கு மாறும்போதுதான் வேடிக்கை. கொழிஞ்சாம்பாறையில் ஒரு மாடியில் நடக்கும் கேமிங் சென்டரில், இடுப்புயரச் சுவரோரமாக ஓடும் எதிரியை ஒரு பையன் தொடர்ந்து சுட்டுக்கொண்டிருந்தான். எல்லாக் குண்டும் எதிரிக்கு முன்னால் இருந்த சுவரில் வரிசையாகப் பொட்டு வைத்தன.

“ஏனுங்ண்ணா, ஓடறவனுக்கு முன்னாடி வெச்சுத்தான அடிக்கோணும்? பப்ஜில இப்பிடித்தானுங் அடிப்பேன்.”

சென்டர் நடத்துகிறவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “இதுல முன்னாடி வெச்சா முன்னாடி இருக்கற செவுத்துலதான் படும் கண்ணு. ஆள் மேலயே வையி.”

பையன் தப்பு செய்யவில்லை. வேறு ஆட்டத்தின் சரியை இங்கே செய்தான். எந்த ஆட்டத்துக்குள் நுழைந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: என் கையில் இருக்கும் ஆயுதம் உடனே படுவதா, பறந்து போய்ப் படுவதா? கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற இன்னொரு கம்ப்யூட்டர் ஆட்டத்திலும் துப்பாக்கிகள் உடனே படும் ரகம். அதில் எறிபொருள் என்றால் வெடிக்கும் கிரனேடு, புகை கிளப்பும் ஸ்மோக், கண்ணைக் கூசவைக்கும் ஃபிளாஷ், தீ மூட்டும் மாலடோவ். வாலரன்ட்டிலும் துப்பாக்கி உடனே படும், ஏஜென்ட் எனப்படும் பாத்திரங்களில் சிலரின் அம்பும் குப்பியும் பறக்கும். பிஜிஎம்ஐயில் இரண்டுமே பறக்கும்.

சரி, பறப்பது எப்படி? ஆட்டத்தை எல்லாருக்கும் பொதுவாக நடத்தும் கம்ப்யூட்டர்தான் சர்வர். அது காலத்தைத் தொடர்ச்சியாகப் பார்ப்பதில்லை. துண்டு துண்டாகத்தான் பார்க்கிறது. ஒரு துண்டுக்கு டிக் என்று பெயர். வாலரன்ட் சர்வர் விநாடிக்கு 128 டிக் ஓடுகிறது. அதாவது ஒரு டிக் 8 மில்லிவிநாடிக்கும் சற்றுக் குறைவு. ஒவ்வொரு டிக்கிலும் அம்புக்கு அது செய்யும் கணக்கு எளிது. இப்போதைய வேகத்தை டிக்கின் நேரத்தால் பெருக்கி அம்பை அவ்வளவு தூரம் நகர்த்து. ஈர்ப்பு விசைக்காக, கீழ்நோக்கிய வேகத்தைக் கொஞ்சம் கூட்டு. ஏதாவது மோதியதா என்று பார். மோதவில்லையென்றால் அடுத்த டிக். இதை விடாமல் செய்தால் பாடப்புத்தகத்தில் பார்த்த பரவளையம் தானாக வந்துவிடும். வளைந்த பாதையை யாரும் முன்கூட்டி வரைந்து வைப்பதில்லை.

இதில் ஒரு பொடி வைத்த இடம் இருக்கிறது. பப்ஜியின் கார்98 துப்பாக்கிக் குண்டு விநாடிக்கு சுமார் 760 மீட்டர் போகிறது. விநாடிக்கு 60 டிக் ஓடும் ஒரு சர்வர் அதை நகர்த்துவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டிக்குக்கு 12 மீட்டருக்கு மேல் நகரும். மனித உடம்பின் அகலம் அரை மீட்டர்தான். “குண்டு இப்போது எங்கே இருக்கிறது, அங்கே ஆள் இருக்கிறானா?” என்று மட்டும் கேட்டால், ஒரு டிக்கில் குண்டு ஆளுக்கு முன்னால் இருக்கும், அடுத்த டிக்கில் ஆளுக்குப் பின்னால் இருக்கும், நடுவில் அவன் உடம்பைத் தொட்டதற்குச் சாட்சியே இருக்காது. அதனால் ஆட்டத்தை எழுதுபவர்கள், போன டிக்கில் இருந்த இடத்திலிருந்து இந்த டிக்கில் இருக்கும் இடம்வரை ஒரு சின்னக் கோடு போட்டு, அந்தக் கோடு எதையாவது வெட்டுகிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். ஆக, வேகமான எறிபொருள் என்பது உள்ளே போய்ப் பார்த்தால் அடுத்தடுத்துப் போடப்படும் குட்டி ஹிட்ஸ்கேன்களின் சங்கிலி. நான் மேலே பிரித்த இரண்டு ஜாதியும் அடிப்படையில் ஒரே குடும்பம் என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

இனி முன்னால் வைத்து அடிக்கும் கணக்கு. பையன்கள் இதை லீட் கொடுப்பது என்பார்கள். விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் குறுக்கே ஒருவன் ஓடுகிறான். அவன் 380 மீட்டர் தூரத்தில் இருந்தால், 760 மீட்டர் வேகக் குண்டு போய்ச் சேர அரை விநாடி. அதற்குள் அவன் 3 மீட்டர் நகர்ந்திருப்பான். அவனே 100 மீட்டர் தூரத்தில் ஓடினால் நகர்வது முக்கால் மீட்டருக்கும் ஒரு பிடி அதிகம். அப்படியானால் தூரத்து ஆளுக்கு அதிகமாக முன்னால் வைக்க வேண்டும் என்றுதானே தோன்றுகிறது?

மீட்டரில் அளந்தால் ஆம். திரையில் அளந்தால் இல்லை. தூரத்தில் இருக்கும் 3 மீட்டரும் பக்கத்தில் இருக்கும் முக்கால் மீட்டரும் திரையில் ஏறக்குறைய ஒரே இடைவெளியாகத்தான் தெரியும். ஏனென்றால் அந்த இடைவெளியின் கோணத்தைத் தீர்மானிப்பது ஓடுபவன் வேகத்துக்கும் குண்டின் வேகத்துக்கும் உள்ள விகிதம் மட்டுமே. தூரம் கணக்கில் அடிபட்டுப் போய்விடுகிறது. மேலே சொன்ன எண்களுக்கு அது அரை டிகிரிக்கும் சற்றுக் குறைவு. காற்றுத் தடையை வைக்கும் ஆட்டங்களில் தூரத்தில் குண்டு களைப்பதால் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். ஒரே ஸ்கோப், ஒரே துப்பாக்கி, குறுக்கே ஓடும் ஆள் என்றால் ஒரு இடைவெளியைக் கண்ணில் பதித்துக்கொண்டால் போதும். தூரத்து ஆள் சின்னதாகத் தெரிவதால், அதே இடைவெளி ஐந்தாறு ஆள் அகலம்போலத் தோன்றி மிரட்டும். நம்பி அடியுங்கள்.

கீழே இறங்கும் கணக்கு இவ்வளவு இரக்கமுள்ளது இல்லை. காற்றுத் தடையை விட்டுவிட்டுப் பார்த்தால், அரை விநாடியில் எந்தப் பொருளும் சுமார் 1.2 மீட்டர் விழும். கால் விநாடியில் 30 சென்டிமீட்டர்தான். தூரம் இரண்டு மடங்கானால் இறக்கம் நாலு மடங்கு. 190 மீட்டரில் நெற்றிக்கு வைத்தால் மார்பின் மேல்பகுதியில் படும். 380 மீட்டரில் அதே நெற்றிக்கு வைத்தால் முழங்கால் பக்கம் போய்ப் படும், அவன் அரைச்சுவருக்குப் பின்னால் நின்றால் செங்கல்லில் படும்.

நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்த ஆட்டங்களில் உறுத்தும் ஒரு குறை, காற்று இல்லாதது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடி மாதத்தில் அடிக்கிற காற்றில் வேலந்தாவளம் பக்கம் கிரிக்கெட் பந்தைத் தூக்கி அடித்தால் எங்கே இறங்கும் என்று அடித்தவனுக்கே தெரியாது. ஆட்டத்தில் மரக்கிளை ஆடும், கொடி பறக்கும். அம்பு அதைச் சட்டை செய்யாமல் போகும். அது குறை என்று நான் நினைத்தது தப்பான இடத்திலிருந்து பார்த்ததால். போட்டி ஆட்டத்துக்குக் காற்று ஆகாது. ஏன் என்பதில்தான் எறிபொருளின் பெரிய பலமே இருக்கிறது.

வாலரன்ட்டில் ஓடிக்கொண்டே சுட்டால் குண்டு குறியை விட்டுச் சிதறும். நின்று சுட்டாலும் தொடர்ந்து சுட்டால் சிதறும். அந்தச் சிதறலில் ஆட்டமே போடும் குலுக்கல் ஒன்று இருக்கிறது. சோவாவின் அம்பில் அந்தக் குலுக்கல் இல்லை. ஒரே இடத்தில் நின்று, ஒரே புள்ளியைப் பார்த்து, நாணை அதே அளவு இழுத்து விட்டால் அம்பு ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் விழும். காற்று இருந்தால் இது நடக்காது. எதிரியே கண்ணுக்குத் தெரியாத மூலையில் நின்றுகொண்டு, வானத்தைப் பார்த்து அம்பு விட்டு, இரண்டு கட்டிடம் தாண்டி இருக்கும் ஆளை அடிக்க முடிவது இதனால்தான். இப்படி மனப்பாடம் செய்த எறிதலை லைன்அப் என்கிறார்கள். பார்க்கிறவர்களுக்கு மந்திரம் மாதிரி இருக்கும். உள்ளே இருப்பது மூன்று விஷயம்: பாதம் எந்த மூலையில், குறி எந்த ஓட்டு விளிம்பில், இழுப்பு எத்தனை கட்டம். சோவாவுக்கு நாலாவதாக ஒன்றும் உண்டு; அம்பு சுவரில் மோதித் திரும்ப வேண்டுமா, எத்தனை முறை என்று முன்பே வைத்துக்கொள்ளலாம். ஒன்றுமில்லை, ஒன்று, இரண்டு. அதற்கு மேல் கிடையாது.

கவுன்டர் ஸ்ட்ரைக்கிலும் இதே கதைதான், ஒரு வித்தியாசத்தோடு. அங்கே எறிகிறவன் உடம்பின் வேகம் கிரனேடுக்கும் ஒட்டிக்கொள்ளும். ஓடி எறிந்தால் தூரம் போகும், குதித்து எறிந்தால் இன்னும் போகும். இடது பட்டன் முழு எறி, வலது பட்டன் காலடியில் போடும் எறி, இரண்டும் சேர்த்தால் நடுத்தரம்.

இப்போது நேரத்துக்கு வருவோம். ஒரு அம்பின் வாழ்நாளைக் கூர்ந்து பார்த்தால், ஆபத்து எதிரிக்கு மட்டும் இல்லை என்பது தெரியும். முதலில் துப்பாக்கியைக் கீழே போட்டு வில்லை எடுக்க வேண்டும். பிறகு இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்த நேரம் முழுக்க உங்கள் கையில் சுடும் ஆயுதம் இல்லை. யாராவது மூலை திரும்பினால் நீங்கள் செத்த ஆள். அம்பு போன பிறகு மறுபடி துப்பாக்கியைக் கையில் எடுக்க இன்னொரு நொடி. புதியவர்கள் அம்பு எங்கே விழுந்தது என்று ஆசையாகப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பார்க்காதீர்கள். விட்டதும் மறையுங்கள்.

பறக்கும் நேரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு வாலரன்ட்டில் ஸ்பைக் என்கிற வெடிகுண்டைவிட நல்ல உதாரணம் இல்லை. தாக்கும் அணி அதை வைத்துவிட்டால் 45 விநாடியில் வெடிக்கும். காக்கும் அணி அதைச் செயலிழக்கச் செய்ய 7 விநாடி உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். பாதி வேலை, அதாவது மூன்றரை விநாடி, முடிந்துவிட்டால் அந்தப் பாதி அழியாது. எழுந்து போய்விட்டு வந்தாலும் மிச்சத்தைச் செய்தால் போதும். உங்களிடம் சோவாவின் வெடிக்கும் அம்பு இரண்டு இருக்கிறது. தூரத்து மூலையில் லைன்அப் போட்டு நிற்கிறீர்கள். உங்கள் அம்பு மேலே போய் ஸ்பைக்கில் இறங்க 4 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம்.

செயலிழக்கச் செய்யும் சத்தம் கேட்கிறது. சுதாரித்து விட அரை விநாடி. அம்பு இறங்கும்போது நாலரை விநாடி ஆகியிருக்கும். எதிரிக்கு இன்னும் இரண்டரை விநாடி வேலை பாக்கி. அடி விழும். ஆனால் நடுமையத்தில் விழுந்தாலும் ஒரு அம்பின் அடி 75தான். முழு உயிர் 100, கனமான கவசம் 50, ஆக 150 உள்ளவனைக் கொல்ல இரண்டு அம்பும் மிகச் சரியாக விழ வேண்டும். ஆகவே முதல் அம்பு போன கையோடு அடுத்ததையும் விட்டாக வேண்டும். இரண்டரை விநாடி தாமதித்தால் இரண்டாவது அம்பு உபயோகமில்லை.

இதே இடத்தில் எதிரி ஏற்கெனவே பாதி வேலையை முடித்துவிட்டு எழுந்து போயிருந்தான் என்றால்? இப்போது திரும்பி வந்து உட்கார்ந்தால் அவனுக்கு வேண்டியது மூன்றரை விநாடி. உங்கள் அம்புக்கு 4 விநாடி. சத்தம் கேட்ட பிறகு விட்டால், எவ்வளவு துல்லியமான லைன்அப்பாக இருந்தாலும் தோல்விதான். சத்தம் வருவதற்கு முன்னாலேயே, அவன் உட்காரப்போகிறான் என்று ஊகித்து விட வேண்டும். குறி பார்ப்பதில் கெட்டிக்காரனான ஒருவன் இங்கே தோற்பான். பாதிச் சத்தம் கேட்டது ஞாபகம் இருக்கிற சுமாரான ஆட்டக்காரன் ஜெயிப்பான்.

எதிரிக்கும் இதே இடைவெளிதான் ஆயுதம். கண்ணால் பார்த்து விரல் அசைய மனிதனுக்குச் சுமார் கால் விநாடி வேண்டும். விநாடிக்கு 40 மீட்டர் போகும் ஒரு எறிபொருளை எடுத்துக்கொண்டால், 8 மீட்டரில் அது 0.2 விநாடியில் வந்துவிடும். விலக யாராலும் முடியாது, அங்கே அது கிட்டத்தட்டத் துப்பாக்கிதான். 40 மீட்டரில் ஒரு முழு விநாடி இருக்கிறது. விழித்திருக்கிறவன் ஒவ்வொரு முறையும் விலகிவிடுவான்.

விலகட்டுமே என்பதுதான் அணி ஆட்டத்தின் பதில். ஒரு மூலையில் பதுங்கியிருப்பவன் மேல் அம்பு வருகிறது. நின்றால் 75 போகும். விலகினால் மூலையைவிட்டு வெளியே வர வேண்டும். வெளியே வரும் வழி ஒன்றுதான் என்றால், அந்த வழியில் உங்கள் கூட்டாளி முன்கூட்டியே குறியை வைத்துக் காத்திருக்கலாம். அம்பு யாரையும் தொடவில்லை, ஆனாலும் ஆள் போனான். மாலடோவ் எறிவதும் அதற்குத்தான். எரிந்து சாக வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை, அந்த இடத்தைக் காலி செய்தால் போதும். சோவாவின் இன்னொரு அம்பு அடிப்பதே இல்லை. ஒட்டிக்கொண்டு, அதன் பார்வைக்குப் படும் எதிரிகளைக் காட்டிக்கொடுக்கும். எதிரி அதைச் சுட்டு உடைக்கலாம். உடைக்கச் சுட்டால் அவன் அங்கே இருப்பது துப்பாக்கிச் சத்தத்தில் தெரிந்துவிடும். சுடாவிட்டால் அம்பே சொல்லிவிடும். எனக்குப் பிடித்த ஆயுதம் அதுதான்.

நம் கம்ப்யூட்டரின் செய்தி சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரமான பிங் பற்றிச் சொல்லாவிட்டால் எல்லைப் பகுதிக்காரர்கள் விடமாட்டார்கள். வாலரன்ட்டுக்கு மும்பையில் சர்வர் இருக்கிறது. பாலக்காட்டிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 1000 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் வெளிச்சம் விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போவதால் போய்வர 10 மில்லிவிநாடி போதும். நம் திரையில் காட்டும் எண் அதைவிடப் பல மடங்கு இருப்பதற்குக் காரணம் தூரம் அல்ல, கம்பி சுற்றிச் சுற்றிப் போவதும் வழியில் இருக்கும் நிறுத்தங்களும். வைஃபையை விட்டுக் கேபிளில் ஆடினால் எண் குறையாவிட்டாலும் அது ஏறி இறங்கித் துள்ளுவது அடங்கும்.

ஹிட்ஸ்கேன் துப்பாக்கியில், நீங்கள் சுட்ட கணத்தில் உங்கள் திரையில் எதிரி எங்கே நின்றானோ அந்த நிலைக்கு சர்வர் காலத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது வழக்கம். “நான் சுவருக்குப் பின்னால் போன பிறகு செத்தேன்” என்ற அழுகை அங்கிருந்து வருகிறது. எறிபொருளுக்குப் பெரும்பாலான ஆட்டங்களில் இந்தச் சலுகை கிடையாது. உங்கள் செய்தி சர்வருக்குப் போய்ச் சேர்ந்ததும் பொருள் அங்கே பிறக்கும், அங்கிருந்து முன்னோக்கி மட்டும் நகரும், விழும் நேரத்தில் எதிரி எங்கே இருக்கிறானோ அதுதான் கணக்கு. 2007ல் வந்த டீம் ஃபோர்ட்ரஸ் 2 ஆட்டத்தின் ராக்கெட் இப்படித்தான் நடந்துகொள்கிறது. அதனால் பிங் கூடும்போது ஓடும் ஆளுக்கு இன்னும் ஒரு துளி முன்னால் வைக்க வேண்டியிருக்கும். சும்மா உட்கார்ந்து ஸ்பைக்கை நோண்டிக்கொண்டிருப்பவனுக்கு இந்தக் கவலையே இல்லை. அவன் எங்கும் போகப்போவதில்லை. இணைப்பு மோசமான ஊர்களில் லைன்அப் ஆட்டக்காரர்கள் அதிகம் முளைப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்பது என் சொந்த ஊகம்.

பழக விரும்புகிறவர்கள் நேராகப் போட்டிக்குள் போக வேண்டாம். வாலரன்ட்டில் நாமே அமைத்துக்கொள்ளும் கஸ்டம் ஆட்டம் திறந்து, சீட்ஸ் என்ற பயிற்சிச் சலுகைகளை அனுமதித்தால், திறன்கள் தீராமல் கிடைக்கும். எறிந்த பொருளைக் கேமரா பின்தொடரும் வசதியும் அதிலேயே இருக்கிறது. அசென்ட் மேப்பில் ஒரே ஒரு லைன்அப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அம்பு எங்கே விழுகிறது என்பதை முதலில் பாருங்கள். அது பழகியதும் போனில் ஸ்டாப்வாட்சைப் போட்டு, விட்டதிலிருந்து வெடிக்கும்வரை எத்தனை விநாடி என்று அளந்து, அந்த எண்ணை லைன்அப்பின் ஸ்கிரீன்ஷாட் மேலேயே எழுதி வையுங்கள். யூடியூபில் லைன்அப் சொல்லித்தருபவர்கள் பலர் பாதத்தையும் குறியையும் காட்டுவார்கள், இந்த எண்ணைச் சொல்வதில்லை.